பூரணி வீட்டு விசாரணை

பூரணி வீடு மேல போனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில. மீன் ஏலம் மும்முரமா போயிக்கிட்டிருந்த நேரம், கவளை மீனு குவியல் குவியலா கெடந்து காக்கா ஒரு பக்கம் நாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டிருந்த நேரம், எங்க வீட்டுக்குத் தெக்கால இருந்த அந்த வீடு, கீத்துக் கூரையோட, கொடியில காயப்போட்ட துணியோட, சாத்துன கதவு சாத்துனபடிக்கே கெளம்பி, முருங்கை மரத்துக்கு மேல போயி, தென்னை மரத்துக்கு மேல போயி, கோயில் கொடிமரத்துக்கும் மேல போயி, அங்கயே நின்னுக்கிச்சி.

ஏலம் நிக்கல. அதைத்தான் மொதல்ல சொல்லணும். ஏலக்காரரு அண்ணாந்து பார்த்தாரு, ஒரு பெருமூச்சு விட்டாரு, "அடுத்த கூடையைத் தூக்குங்க"ன்னாரு. நானும் என் கூடையைத் தூக்கிக்கிட்டேன். வீடு மேல போறது ஆலங்கரைக்குப்பத்துல முன்னப்பின்ன நடந்ததில்லதான். ஆனா அது ஏன் போவுதுன்னு அங்க நின்ன அத்தனை பேருக்கும் தெரியும். காரணம் தெரிஞ்ச விஷயத்துக்கு யாரு வாயைப் பொளப்பா?

முந்தின நாளு சாயங்காலம் ஊர்க்கூட்டத்துல நாட்டார் கோதண்டபாணி சொல்லிட்டாரு, "இனிமே இந்த ஊரு மண்ணுல அவ காலு படக் கூடாது"ன்னு. நாட்டாருன்னா எங்க ஊருக்குத் தலைவரு, அவரு வாயில வந்ததுதான் சட்டம். தள்ளி வச்சவளோட அன்னந்தண்ணி புழங்கக் கூடாது, நெருப்பு குடுக்கக் கூடாது, அவ பேரைச் சொல்லக் கூடாது, சொன்னா சொன்னவங்களையும் தள்ளி வச்சிடுவாங்க. பூரணிக்குப் பொறந்த வீடும் கெடையாது, போக்கிடமும் கெடையாது. புருஷனோட பழைய கட்டுமரத்தைத்தான் வீட்டுக்குள்ள தரையா போட்டுப் படுத்திருந்தா. மண்ணுல காலு படாம இருக்கணும்னா அவ வேற எங்க போவா? மேலதான் போவா. ஊரு அப்படித்தான் எடுத்துக்கிச்சி.

எதுக்குத் தள்ளி வச்சாங்கன்னு கேப்பீங்க. அவ புருஷன் மதியழகன் நாட்டாரோட விசைப்படகுல கூலிக்குப் போயிக்கிட்டிருந்தான். அந்தப் படகுக்கு டிரைவரு என் வீட்டுக்காரரு ராசகண்ணு. ஒரு நாளு வலை இழுக்கையில மதியழகன் கால் இடறிக் கடல்ல விழுந்துட்டான். வலை ரொம்பி இருக்கு, படகு நகர மாட்டேங்குது, வலையை அறுத்து விட்டாத்தான் சட்டுனு திருப்ப முடியும். வயர்லெஸ்ல கரைக்குச் சொல்றாங்க. கரையிலேருந்து நாட்டாரு, "புது வலைடா, அறுத்துக் கிறுத்து வச்சிடாதீங்க, இழுத்து முடிச்சிட்டுத் திருப்பு"ன்னாரு. இழுத்து முடிச்சிட்டுத் திரும்புனா அங்க தண்ணிதான் இருந்துச்சி. கரைக்கு வந்து, குடிச்சிட்டு விழுந்தான், தேடுனோம், கெடைக்கலன்னு ஒரே மாதிரி சொல்லிட்டாங்க. பூரணி நம்பல. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டா. எங்க ஊருல கொலையைக்கூட மன்னிப்பாங்க, நாட்டாரைத் தாண்டி ஸ்டேஷன் படி ஏறுனா மன்னிக்க மாட்டாங்க.

என் வீட்டுக்காரரு உண்மையை அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு. சோத்துத் தட்டைக் கையில வச்சிக்கிட்டு, ஒரு உருண்டை எறங்காம, "தையலு, வலையை அறுத்திருந்தா ஆளு கெடைச்சிருப்பான்"ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாயை மூடிக்கிட்டுத் தின்னு"ன்னேன். பூரணி அந்தப் பக்கத்துச் சொவத்துக்குப் பின்னாலதான் அழுதுக்கிட்டிருந்தா.

வீடு மேல போனதும் நாட்டாரு மறுபடியும் கூட்டம் போட்டாரு. பார்க்குறதும் புழங்குறது மாதிரிதான், அதனால யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாதுன்னாரு. சரின்னு தலையைக் குனிஞ்சிக்கிட்டோம். ஊரே குனிஞ்சிக்கிட்டு நடந்துச்சி, குனிஞ்சிக்கிட்டே கல்யாணம் பண்ணுச்சி, குனிஞ்சிக்கிட்டே தேர் இழுத்துச்சி, கழுத்து வலிக்குத் தைலம் தேச்சிக்கிட்டுச்சி. ஆனா மனுஷ மனசு சும்மா கெடக்குமா? ஒருத்தி வாசல்ல தண்ணி புடிச்சி வச்ச வாய் அகண்ட அலுமினிய அன்னக்கூடைக்குள்ள எதேச்சையா பார்த்திருக்கா. தண்ணிக்குள்ள வீடு தெரிஞ்சிருக்கு, கதவு தெரிஞ்சிருக்கு, கதவுல சாஞ்சிக்கிட்டு பூரணி தலை சீவுறது தெரிஞ்சிருக்கு. அண்ணாந்து பார்க்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு, குனிஞ்சி பார்க்கக் கூடாதுன்னு சொல்லலையே! அப்புறம் என்ன, வீட்டுக்கு வீடு வாசல்ல ஒரு அன்னக்கூடை வந்துடுச்சி. நாட்டாரு வீட்டுலதான் இருக்குறதுலயே பெரிய அன்னக்கூடை.

அதுல பார்த்து ஊரு பொழைக்கப் பழகிக்கிச்சி. பூரணி அடுப்புப் புகை எந்தப் பக்கம் சாயுதோ அதைப் பார்த்துக் காத்தைக் கணிச்சிக்கிட்டு ஆம்பளைங்க கடலுக்குப் போனாங்க, உச்சி வெயில்ல அவ வீட்டு நெழல் கருவாட்டுத் தளத்துல வந்து விழுவும், அந்த நெழலுக்குள்ள பொம்பளைங்க நாங்க நகந்து நகந்து உக்காந்து கருவாடு பொறட்டுனோம், அவ நெழல்ல குளிர்ச்சியா உக்காந்துக்கிட்டே, அவளுக்குத் திமிருன்னு பேசுனோம். பேரைச் சொல்ல மாட்டோம். "அது"ன்னுதான் சொல்லுவோம். அது இன்னிக்கு அடுப்பு மூட்டல. அது இன்னிக்கு எண்ணெ தேச்சிக் குளிச்சிருக்கு. அது அழுவுது போலருக்கு, சாரல் அடிக்குது பாரு.

அவ எதைத் தின்னா எதைக் குடிச்சான்னு எனக்குத் தெரியாது. வீடு இருந்த எடம் என் வீட்டுக்குப் பக்கத்துல சதுரமா வெத்து மண்ணா கெடந்துச்சி, நாய்கூட அதைச் சுத்திக்கிட்டுத்தான் போவும். மீன் கொழம்பு வச்ச அன்னிக்கு ஒரு கிண்ணத்துல ஊத்தி, யாரும் பார்க்காதப்போ அந்த எடத்துல வைப்பேன். வச்சது வச்சபடி இருக்கும். காக்காகூடத் தொடாது. கட்டையில போற காக்காவுக்கு இருந்த ரோசம் எனக்கு இல்ல.

இப்படியே போயிருக்கும். வானத்துல போன ஒரு ராணுவ விமானத்துக்கு அந்த வீடு கண்ணுல பட்டுடுச்சி. அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்னு மேலிடத்துக்கு எழுதிட்டாங்க. எங்க கடலுக்கு அந்தப் பக்கம் வேற நாடு, சும்மா விடுவாங்களா? ஜீப்பு வந்துச்சி, லாரி வந்துச்சி, ஏலக்கூடத்துல மேசை போட்டாங்க, சாக்கு கட்டுன பீரங்கி மாதிரி ஒரு தொலைநோக்கியை நிறுத்துனாங்க. விசாரணைக்கு வந்த ஆபீசரு ஒரு பொண்ணு. விமானப்படை, ஸ்குவாட்ரன் லீடரு தாரணின்னு பேரு, பொள்ளாச்சிப் பக்கம். நீலச் சட்டையும் தொப்பியுமா எறங்குனப்போ பயந்துதான் போனோம். வாயைத் தொறந்தா "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிச்சீங்களா"ன்னு அப்படி ஒரு மரியாதை. மரியாதையாக் கேக்குறவங்ககிட்டப் பொய் சொல்றது இருக்கே, அது தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி.

மொதல்ல ஏலக்காரரைக் கூப்பிட்டா.

"என்னங்கய்யா பாத்தீங்க?"

"வெளிச்சமா ஒண்ணுங்க."

"பகல்லயுங்களா?"

"பகல் வெளிச்சம்தாங்க அம்மா."

கோயில் பூசாரி, பெரிய பறவைன்னாரு. பெரிய பறவை கொடி கட்டித் துணி காயப் போடுமான்னு அந்தப் பொண்ணு கேக்கல, தலையை ஆட்டிக்கிட்டா. வலை பின்னுற செங்கேணி, "மேகம்ங்க, கதவு வச்ச மேகம்"ன்னா. நாட்டாரு வெள்ளை வேட்டி சரசரக்க வந்து உக்காந்து, "எங்க சனங்க கடலைப் பார்த்துப் பொழைக்கிறவங்க, வானத்தைப் பார்க்குற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க"ன்னாரு. என் வீட்டுக்காரரு முறை வந்தப்போ அவரு குனிஞ்ச தலை நிமிரவேயில்ல. "படகு ஓட்டுறேன். வேற ஒண்ணும் தெரியாது." அவ்வளவுதான். வெளிய வந்து மணல்ல குந்திக்கிட்டு வாந்தி எடுத்தாரு. வெயிலு ஒத்துக்கலன்னு பக்கத்துல நின்னவங்ககிட்ட நான்தான் சொன்னேன்.

ஒரு நாளு மத்தியானம் அந்தப் பொண்ணு எங்க வாசலுக்கே வந்துடுச்சி. தொப்பியைக் கழட்டி மடியில வச்சிக்கிட்டு அன்னக்கூடைக்குப் பக்கத்துல உக்காந்துச்சி.

"ஏனுங்க்கா, ஊருல தண்ணிப் பஞ்சமுங்களா? எல்லா வாசல்லயும் தண்ணி ரொப்பி வெச்சிருக்கீங்க."

"ஆமாம்மா, பஞ்சந்தான்."

"யாரும் மோந்து குடிக்கக் காணமுங்களே. பாத்துட்டேதான் இருக்கறாங்க."

அந்தப் பொண்ணு மெல்ல எட்டி அன்னக்கூடைக்குள்ள பார்த்துச்சி. தண்ணிக்குள்ள வீடு அசையாம நின்னுச்சி. கொடியில ஒரு பச்சைச் சேலை, கத்திரிப்பூ கரை போட்டது, காத்துல ஆடிக்கிட்டிருந்துச்சி. அந்தப் பொண்ணு தண்ணியைப் பார்த்துச்சி, அப்புறம் என் வீட்டுக் கொடியைப் பார்த்துச்சி, அப்புறம் எதிர் வீட்டுக் கொடி, அதுக்கு அடுத்த வீட்டுக் கொடி. மாரியம்மன் திருவிழாவுக்கு எங்க ஊருப் பொம்பளைங்க அத்தனை பேரும் ஒரே மாதிரி சேலைதான் எடுப்போம். எல்லாக் கொடியிலயும் பச்சையும் கத்திரிப்பூவுமாத்தான் காஞ்சிக்கிட்டிருந்துச்சி.

"அக்கா, அந்தம்மா உங்க ஊரு."

நான் கொடியிலேருந்து கண்ணை எடுத்துக்கிட்டேன்.

"நான் பாத்ததைப் பாத்தபடியே மேல எழுதிப் போட்டனுங்க்கா. வீடு, உள்ள ஒரு பொம்பளைன்னு. வீடு பறக்காதுன்னு பதில் வந்துருச்சுங்க. பேரு வேணுங்களாமா. இன்னார், இந்த ஊரு, இன்னாரோட சம்சாரம்னு ஊருல ஒருத்தரு சாட்சி சொன்னாப் போதும், அது ஆளுன்னு ஆயிரும். பேரு இல்லீன்னா அது பொருளுதானுங்க. எல்லைக்குப் பக்கத்துல யாருன்னு தெரியாத பொருளை விட்டுவெக்க மாட்டாங்க்கா. சுட்டுருவாங்க."

கண்ணு கலங்கிடுச்சி அந்தப் பொண்ணுக்கு. துப்பாக்கி வச்சிருக்குறவ கண்ணு கலங்கி நான் பார்த்ததில்ல. பூரணின்னு மூணெழுத்து. சொல்லியிருந்தா என்ன? என்னைத் தள்ளி வச்சிருப்பாங்க, அது பெருசில்ல. பேரைச் சொன்னா அடுத்த கேள்வி, ஏன் மேல போனாங்கன்னு வரும். அதுக்கு அடுத்து மதியழகன். அதுக்கு அடுத்து, படகை ஓட்டுனது யாரு. எம் புருஷனை எங் கையால புடிச்சிக் குடுக்கணும். என்னால முடியல.

"யாருன்னு தெரியலம்மா"ன்னேன்.

அந்தப் பொண்ணு போனதும் முதல் வேலையா அந்தச் சேலையைக் கொடியிலேருந்து உருவிப் பொட்டிக்குள்ள அமுக்குனேன். செங்கேணி எட்டிப் பார்த்தா, அவளும் உருவுனா. பொழுது சாயறதுக்குள்ள ஊருல ஒரு கொடியிலயும் பச்சைச் சேலை இல்ல. யாரும் யாருக்கும் சொல்லல, ஒத்துமை தானா வந்துடுச்சி. தண்ணிக்குள்ள மட்டும் ஒரே ஒரு சேலை ஆடிக்கிட்டிருந்துச்சி. அன்னிக்கு நான் அன்னக்கூடையைக் கவுத்துப் போட்டுட்டேன்.

விசாரணை முடிஞ்சிபோச்சின்னு சொன்னாங்க. நாளைக்குக் காலையில விமானம் வரும், கரைப்பக்கம் யாரும் நிக்கக் கூடாதுன்னு மைக்குல சொல்லிக்கிட்டே ஜீப்பு போச்சி. நாட்டாரு கோயிலடியில நின்னுக்கிட்டு, "நம்ம கையில என்ன இருக்கு, சர்க்காரு காரியம்"ன்னாரு. ஆமா ஆமான்னு எல்லாரும் சொன்னோம். சர்க்காரு காரியம்னு சொன்னதும் மூச்சு கொஞ்சம் லேசாத்தான் ஆச்சி, பொய் சொல்வானேன்.

ஆனா விடிஞ்சதும் போகச் சொன்ன சனம் ஒண்ணுகூட மேற்கால போவல. மொத்த ஊரும் ஏலக்கூடத்துக்கு வந்து நின்னுச்சி, கைக்குழந்தையோட, கட்டுப்போட்ட கழுத்தோட, யாரும் யாரு மொகத்தையும் பார்க்காம. அந்தப் பொண்ணு வயர்லெஸ்ஸைக் கையில வச்சிக்கிட்டு மேசைக்குப் பக்கத்துல நின்னுச்சி. ஒவ்வொரு மொகமாப் பார்த்துச்சி. கேக்கல, பார்க்க மட்டும் பார்த்துச்சி. கெழக்கால கடலுக்கு மேல இடி உருளுற மாதிரி சத்தம் கேட்டுச்சி. எம் புருஷன் என் பக்கத்துல நின்னாரு. அவரு கையை நான் புடிச்சிருந்தேன். ஆறுதலுக்குன்னுதான் எல்லாரும் நெனச்சிருப்பாங்க. இல்ல, அவரு ஒரு அடி முன்னால எடுத்து வச்சிடக் கூடாதுன்னு புடிச்சிருந்தேன்.

சத்தம் கிட்ட வந்துச்சி. அவரு என் கையை உதறுனாரு. கல்யாணமான நாளா என் கையை உதறாத மனுஷன், உதறுனாரு. உதறிட்டு ஊரு பார்க்க, நாட்டாரு பார்க்க, தலையை நிமித்தி அண்ணாந்து பார்த்தாரு. கழுத்து நெட்டி முறியிற சத்தம் எனக்குக் கேட்டுச்சி.

"பூரணி! அது எங்க ஊரு பூரணிங்க! மதியழகன் பொஞ்சாதி!"

அந்தப் பொண்ணு அவரைப் பார்த்துக்கிட்டே வயர்லெஸ்ல என்னமோ கத்துச்சி. இங்கிலீஷோ ஹிந்தியோ, ஆனா அதுக்குள்ள பூரணி பூரணின்னு பேரு மட்டும் எனக்கு வெளங்குச்சி. அப்புறம் அவரைக் கேட்டுச்சி, "ஏனுங்கண்ணா மேல போனாங்க?"

"டேய் ராசகண்ணு"ன்னாரு நாட்டாரு.

எம் புருஷன் நிக்கல. அவளுக்கும் கேக்கணும்னு வானத்தைப் பார்த்தே சொன்னாரு. "அவன் கையைத் தூக்கிக் கூப்புட்டான். அண்ணே அண்ணேன்னு கூப்புட்டான். எனக்குக் கேட்டுச்சி. வலையை அறுக்கக் கத்தி என் இடுப்புலதான் இருந்துச்சி. நாட்டாரு வேண்டாம்னாரு, நான் அறுக்கல. அவரு சொன்னாருன்னு நான் ஏன் கேட்டேன்? கத்தி என் இடுப்புலதான் இருந்துச்சி!" சொல்லிட்டு மண்ணுல மண்டியிட்டு வாயிலயும் வயித்துலயும் அடிச்சிக்கிட்டாரு.

விமானம் எங்க தலைக்கு மேல வந்து, வீட்டை ஒரு சுத்து சுத்தி, கூரைக் கீத்து ரெண்டு பறந்து விழுற மாதிரி தாழ்ந்து போயி, வந்த வழியே திரும்பிடுச்சி. அந்தப் பொண்ணு நாற்காலியில தொப்புனு உக்காந்துக்கிட்டு மொகத்தை மூடிக்கிச்சி. அதுக்கப்புறந்தான் ஊரு பார்த்துச்சி. ஒருத்தரா ரெண்டு பேரா தலையை நிமித்தி, ஐயோ அம்மான்னு கழுத்தைப் புடிச்சிக்கிட்டு, எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். பூரணி, பூரணின்னு செங்கேணி கூப்புட்டா, ஏலக்காரரு கூப்புட்டாரு, ஊரே கூப்புட்டுச்சி. நாட்டாரும் தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஊர்க்கட்டு எடுத்தாச்சி, எறங்கி வாம்மா"ன்னாரு. அவரு கொரலு எடுபடல. யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

வீடு எறங்குச்சி. தென்னை மட்டத்துக்கு எறங்கி, முருங்கை மட்டத்துக்கு எறங்கி, எங்க வீட்டுக்குப் பக்கத்துல அந்த வெத்துச் சதுரத்துக்கு நேரா வந்துச்சி. ஊரு ஓடியாந்து சுத்தி நின்னுச்சி. ஒரு ஆளு ஒசரம் இருக்கையில வீடு நின்னுடுச்சி. கதவு தொறந்துச்சி. பூரணி மெலிஞ்சி கருத்து, அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கிட்டு, கட்டுமரத்து விளிம்புல கால் தொங்க உக்காந்தா. அவ பாதம் என் தலைக்கு நேரா இருந்துச்சி. மண்ணுபடாத பாதம், பச்சப்புள்ள பாதம் மாதிரி வெளுத்துப் போயிருந்துச்சி.

"எறங்கு பூரணி, உன் எடம் அப்படியே இருக்கு பாரு"ன்னேன் நான்.

அவ கீழ அந்தச் சதுரத்தைப் பார்த்தா. அப்புறம் எங்க வீட்டுச் சொவத்தைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. கோவமே இல்ல அவ மொகத்துல. கோவம் இருந்திருந்தா தாங்கியிருப்பேன்.

"அண்ணன் இன்னிக்குச் சொல்லிட்டாரு"ன்னா. "அன்னிக்குச் சொவத்துக்கு அந்தப் பக்கம் உங்கிட்ட அவரு சொன்னதும் எனக்குக் கேட்டுச்சி தையலு. நீ சொன்னதும் கேட்டுச்சி. நான் எறங்கி யாரு பக்கத்துல இருக்குறது?"

ஊரு என்னைப் பார்த்துச்சி. நான் வாயைத் தொறந்தேன். மன்னிச்சிடுன்னு சொல்லலாமா, காலைப் புடிக்கலாமா, இல்ல அழுதாவது வைக்கலாமான்னு உள்ள என்னென்னமோ புரண்டுச்சி. ஒரு வார்த்தை வெளிய வரல. அவ அவசரப்படல. காலை ஆட்டாம, என் வாயையே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் காத்திருந்தா. அப்புறம் எழுந்து உள்ள போயி, கதவைச் சாத்திக்கிட்டா.